கிராண்ட்பாஸுக்குத் தண்டவாளம் வந்த கதை

களனி கங்கை பெருக்கெடுக்கும் நாட்களில் வானொலிச் செய்தியில் நாகலகம் வீதி நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்வார்கள். கொழும்புக்கு வெள்ளம் வருமா வராதா என்பதை அந்த அளவுகோலை வைத்துத்தான் கணிக்கிறார்கள். நாகலகம் வீதி கொழும்பு வடக்கில், கிராண்ட்பாஸில், ஆற்றோரமாக இருக்கிறது. இந்தப் பேட்டையின் தலையெழுத்தை எழுதியது அந்த ஆறு. தண்டவாளத்தின் கதையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இது ஒரு தோணித்துறை. வடக்கே நீர்கொழும்புக்கோ கண்டிப் பக்கமோ போகிறவர்கள் இங்கே வந்து தோணி ஏறி அக்கரை சேர்ந்தார்கள். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலைநாட்டைப் பிடித்தவர்களுக்கு அதைக் கையில் வைத்திருக்க ஒரு வீதி தேவைப்பட்டது. எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்தபோது அந்தக் கண்டி வீதி வெட்டப்பட்டது. அதன் முதல் தடை களனி கங்கை. அதைத் தாண்ட 1822இல் கிராண்ட்பாஸில் படகுப் பாலம் அமைத்தார்கள். படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின் மேல் பலகை பரப்பி, மனிதரும் மாடும் கரத்தையும் போகும்படி செய்த பாலம் அது. ஆறு ஏறினால் பாலமும் ஏறும், ஆறு வடிந்தால் பாலமும் இறங்கும். குறித்த நேரங்களில் நடுவில் இருக்கும் படகுகளை விலக்கி ஆற்றுப் போக்குவரத்துக்கு வழி விடுவார்கள். அந்நேரம் இரு கரையிலும் கரத்தைகள் காத்து நிற்கும். பாலத்தில் ஆயத்துறையும் இருந்தது, கடக்கிறவர்கள் காசு கட்டினார்கள்.

இந்தக் காத்திருப்பு பெரிய தொல்லையாக மாறியது கோப்பிக் காலத்தில்தான். 1830களுக்குப் பிறகு மலைநாட்டில் காட்டை அழித்து அழித்துக் கோப்பி நட்டார்கள். பறித்த பழத்தின் சதையைத் தோட்டத்திலேயே நீக்கிவிடுவார்கள். ஆனால் மேலோட்டோடு இருக்கும் கொட்டையை முழுவதும் காயவைக்க மலையில் போதிய வெயில் இல்லை. ஆகவே பாதி ஈரத்தோடு மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் பெரிய களங்களில் மறுபடி காயவைத்து, ஓடு நீக்கி, பெண்கள் கையால் தரம் பிரித்த பின்பே கப்பலேற்றினார்கள். கண்டியிலிருந்து கொழும்பு 72 மைல். மழைக்காலத்தில் வீதி சேறாகிவிடும், மாடுகளுக்கு நோய் வந்துவிடும், வண்டிக்காரர் கிடைக்க மாட்டார்கள். அந்த நாட்களில் மூட்டைக்குள்ளேயே கோப்பி புழுங்கிப் பழுதானது. அந்த நட்டத்தைத்தான் தோட்டத் துரைமார் லண்டனுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள்.

அவர்கள் அதிகம் எழுதாத இன்னொரு பக்கமும் இருந்தது. கீழே இறங்கிய அதே கரத்தைகள் திரும்பும்போது அரிசி ஏற்றிக்கொண்டு போயின. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் உண்ட அரிசியும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பில் இறங்கி, கிராண்ட்பாஸ் படகுப் பாலத்தைத் தாண்டித்தான் மலையேறியது. வீதி அடைபட்டால் துரைக்கு நட்டம், லயத்தில் இருந்தவருக்குப் பட்டினி. இலங்கை ரயில் பிறந்த காரணத்தைச் சொல்கிற நூல்கள் கோப்பியைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. அரிசியையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கணக்கு முழுமையாகாது என்றே நான் நினைக்கிறேன்.

1845இல் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் காகிதத்திலேயே கழிந்தன. 1857இல் கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் வந்து கண்டிக்குப் போக ஆறு பாதைகளைப் பார்வையிட்டு, மூன்றாம் பாதையே சரி என்று அறிக்கை கொடுத்தார். செலவு 8,56,557 பவுண் என்று மதிப்பிட்டார். 1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். வேலையைப் பொறுப்பேற்ற டபிள்யூ. டி. டொய்ன் நிலத்தை அளந்து பார்த்தபோது செலவு அந்த மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டும் என்று தெரிந்தது. 1861இல் ஒப்பந்தத்தை முறித்து, பங்குக்காரரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அரசாங்கமே வேலையைக் கையில் எடுத்தது. இலங்கையில் ரயில் இன்றுவரை அரசின் சொத்தாக இருப்பதற்கு வேர் அந்த முறிவில் இருக்கிறது. அதற்கான பணத்தில் ஒரு பங்கு கோப்பி ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வந்தது.

பிறகு வேலை வேகம் பிடித்தது. 1853இல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் ரயில் பாதையை அமைத்த ஃபேவியல் என்பவரே இங்கும் ஒப்பந்தக்காரராக வந்தார். மேற்பார்வை கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த்திடம். பொறியியல் மாணவர்கள் பல தலைமுறையாகச் சட்டைப்பையில் வைத்திருந்த சூத்திரக் கைநூலை எழுதியவர் அவர்தான். இந்தியாவைப் போலவே ஐந்தரை அடி அகலத் தண்டவாளம். 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது, ஏறத்தாழ 54 கிலோமீற்றர். பொதுமக்கள் ஏறும்படி சேவை தொடங்கியது 1865 ஒக்டோபர் 2ஆம் திகதி. 1866இல் பொல்காவலை, 1867இல் கண்டி.

கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஓர் அடி வீதம் தண்டவாளம் ஏறுகிறது. பாறையை வெடி வைத்துப் பிளந்து சுரங்கம் குடைந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த சாதாரண மனிதர்கள், தென்னிந்தியத் தமிழர்கள் அவர்களில் ஏராளம். அடிவாரக் காடுகளில் மலேரியா அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. ஆளுநரின் பெயர், பொறியியலாளரின் பெயர், ஒப்பந்தக்காரரின் பெயர் எல்லாம் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த ஏற்றத்தில் புதைந்தவர்களின் ஒரு பெயர் கூட நம் வாயில் இல்லை. இதை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கண்டிக்கு ரயில் போய் இரண்டு ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியே இல்லாமல் போனது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில் பிறகு தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசி மூட்டைகள் மட்டும் முன்போலவே ஏறின.

இந்த ரயில் கிராண்ட்பாஸுக்கு வரவில்லை. கொழும்பின் முதல் நிலையம் மருதானைப் பக்கம் அமைந்தது. அங்கிருந்து தெமட்டகொட வழியாகப் போய், படகுப் பாலத்தைவிட ஆற்றின் மேற்போக்கில், இன்னொரு இடத்தில் இரும்புப் பாலம் போட்டுக் களனிக்குத் தாண்டினார்கள். இன்றும் பிரதான பாதை அப்படியேதான் போகிறது. கண்டி வீதியின் வாசலாக நாற்பது ஆண்டுகள் கோப்பியையும் அரிசியையும் தாங்கிய பேட்டைக்கு ஒரு நிலையம் கூடக் கிடைக்கவில்லை. ரயிலைக் கேட்டவர்கள் கேட்டது மூட்டைக்கு நேர்வழி. அந்தக் கணக்கில், பாலத்தடியில் தங்கி மாட்டுக்கு இலாடம் அடித்தவனுக்கும், வண்டிக்காரனுக்குச் சோறு போட்டவளுக்கும், அவர்கள் குடியிருந்த தெருவுக்கும் இடம் இருக்கவில்லை.

அந்தத் தெருவுக்குத் தண்டவாளம் வர இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வந்தபோது அது புகை விடவில்லை, மின்சாரத்தில் வந்தது.

கொழும்பில் மின்சாரத்தை விற்கத் தொடங்கியவர்கள் பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய வர்த்தகக் கம்பனியினர். 1895இல் கோட்டைப் பகுதியில் பிரிஸ்டல் கட்டடத்தில் சிறிய மின்நிலையம் வைத்து, அரச அலுவலகங்கள் சிலவற்றுக்கும் தெருவுக்கும் விளக்கு எரிய வைத்தார்கள். மின்சாரம் விற்கிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. விளக்கு இரவில்தான் எரியும், ஆனால் இயந்திரத்தையும் ஆளையும் நாள் முழுவதும் பராமரிக்க வேண்டும். பகலில் மின்சாரம் வாங்க ஒரு பெரிய வாடிக்கை தேவை. அந்தக் காலத்தில் உலகெங்கும் மின்சாரக் கம்பனிகளே ட்ராம் ஓட்ட முன்வந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். பூஸ்டெட் கம்பனியும் அந்த வழியில் போனது. 1902இல் அவர்களின் தொழில் கொழும்பு மின்சார ட்ராம் மற்றும் விளக்குக் கம்பனி என்று பெயர் பெற்றதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

அதே 1895இல் கிராண்ட்பாஸிலும் ஒரு மாற்றம் நடந்தது. படகுப் பாலத்தை அகற்றி, இரும்பாலான விக்டோரியா பாலத்தைத் திறந்தார்கள். நடுவில் படகை விலக்கும்போது காத்து நிற்கும் வேலை முடிந்தது. ஆற்றுக்கு அப்பால் பேலியகொடையிலிருந்தும் களனியிலிருந்தும் காய்கறியோடும் கூலி வேலைக்கும் வருகிறவர்கள் நாள் முழுவதும் பாலம் கடந்து கிராண்ட்பாஸில் இறங்கினார்கள். அங்கிருந்து புறக்கோட்டைச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் போக வேண்டும். நடக்க வேண்டும், அல்லது மாட்டு வண்டி, அல்லது 1880களில் வந்த ரிக்‌ஷா. ரிக்‌ஷாவில் ஏறக் கூலிக்காரனிடம் காசு ஏது? அவனே ரிக்‌ஷா இழுக்கிறவனாக இருந்தான்.

1899இல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. இரண்டு தடங்கள். இரண்டும் கோட்டையில் புறப்பட்டன. ஒன்று மருதானை வழியாகப் பொரளைக்குப் போனது, மற்றது புறக்கோட்டை பிரதான வீதி வழியாகக் கிராண்ட்பாஸுக்கு வந்தது. சென்னையில் 1895இலேயே மின்சார ட்ராம் ஓடிவிட்டது, அந்த விஷயத்தில் சென்னை இந்தியா முழுவதற்கும் முன்னோடி. கல்கத்தாவுக்கு மின்சார ட்ராம் வந்தது 1902இல், பம்பாய்க்கு 1907இல். ஆக, கல்கத்தாக்காரரும் பம்பாய்க்காரரும் குதிரை இழுத்த ட்ராமில் போய்க்கொண்டிருந்தபோது கிராண்ட்பாஸ்காரர் மின்சார வண்டியில் கோட்டைக்குப் போனார். இந்தப் பேட்டையைச் சேரி என்றும் சண்டைக்காரத் தெரு என்றும் மட்டும் பேசப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வண்டி எப்படி ஓடியது என்று கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். ரயிலைப் போல மேடையும் வேலியும் அதற்குக் கிடையாது. தண்டவாளத்தை வீதியின் முகத்தோடு முகமாகப் பதித்துவிடுவார்கள். சக்கரத்தின் விளிம்பு போக ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். ட்ராம் போன பின் அதே தண்டவாளத்தின் மேல் மாட்டுக் கரத்தையும் போகும், பிள்ளைகளும் ஓடும். வண்டியின் பக்கங்கள் திறந்தவை, உள்ளே குறுக்கு வாக்கில் வாங்குகள். கூரையில் நீண்ட தடி ஒன்று மேலே நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் சிறு சக்கரம். அது தலைக்கு மேல் ஓடும் செப்புக் கம்பியைத் தொட்டபடி உருண்டு வரும். கம்பியில் வரும் மின்சாரம் தடி வழியாக மோட்டாருக்கு இறங்கி, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய், அதிலேயே மின்நிலையத்துக்குத் திரும்பும். தண்டவாளம் பாதை மட்டுமல்ல, சுற்றை முடிக்கும் கம்பியும் அதுதான்.

வண்டியின் இரு முனையிலும் ஓட்டுநர் நிற்க இடம் உண்டு. ஆகவே கடைசித் தரிப்பில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. கண்டக்டர் இறங்கி, தடியில் கட்டிய கயிற்றை இழுத்து அதைக் கம்பியிலிருந்து கழற்றி, கயிற்றைப் பிடித்தபடியே வண்டியைச் சுற்றி நடந்து, மறுபக்கம் பார்க்கும்படி தடியை மீண்டும் கம்பியில் பொருத்துவார். சில வேளைகளில் நுனிச் சக்கரம் கம்பியில் சரியாக உட்காராது. பொறி பறக்கும். ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய் மாட்டுவார். காலால் மணியை மிதிப்பார். வண்டி கோட்டைக்குக் கிளம்பும்.

இந்த வண்டிக்குள் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இருந்தது. ஆனாலும் செட்டியார் தெருக் கடைச் சிப்பந்தியும், துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவரும், கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் போகிற அம்மாவும், கச்சேரி எழுத்தரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து போனார்கள். தமிழர், சிங்களவர், சோனகர், மலாயர், பறங்கியர், மலையாளி என்று கொழும்பு வடக்கில் இருந்த அத்தனை பேரும் அந்த வாங்குகளில் இருந்தார்கள். கண்டி ரயில் மூட்டைக்காகப் பிறந்தது. கிராண்ட்பாஸ் ட்ராம் மனிதர்கள் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு வருவதற்காகப் பிறந்தது. கம்பனியின் நோக்கம் இலாபம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இலாபம் வந்த வழி ஏழையின் சில சதங்கள். அதனால் அந்தத் தடத்தின் மேல் அவனுக்கு ஓர் உரிமை வந்துவிட்டது.

அந்த உரிமை 1929இல் வெளியே தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான இலங்கைத் தொழிற்சங்கம் பின்னால் நின்றது. கம்பனி வெளியாட்களை வைத்து வண்டியை ஓட்டியது. நகர மக்கள் அந்த வண்டிகளில் ஏற மறுத்தார்கள். பெப்ரவரி 5ஆம் திகதி மருதானைப் பொலிஸ் நிலையத்தைக் கூட்டம் முற்றுகையிட்டது, பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின. தினசரி கூலி வாங்கியவர்கள், நாள் தவறாமல் ட்ராமை நம்பியிருந்தவர்கள், தங்கள் கால்களால் நடந்து அந்த வேலைநிறுத்தத்தைத் தாங்கினார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

அதன் விளைவு தெருவோடு நிற்கவில்லை. தொழிலாளரின் ஒற்றுமையைக் கண்ட கம்பனிக்காரர்கள் அவ்வாண்டே ஒன்றுகூடி முதலாளிமார் சம்மேளனத்தை அமைத்தார்கள். அந்தச் சம்மேளனமும் குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரசும் 1929இல் ஒரு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கையில் அந்த வகையில் அதுவே முதலாவது. தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்திகளில் பல ஆண்டுகளாக நாம் வாசித்து வந்த முதலாளிமார் சம்மேளனம், கூட்டு ஒப்பந்தம் என்ற இரண்டு சொற்களுக்கும் பின்னால் இந்த ட்ராம் வண்டிகள் நிற்கின்றன. கொழும்புத் தெருவில் நடந்த போராட்டம் ஒன்று, அரிசி மூட்டை ஏறிப் போன அதே மலைக்கு வேறொரு வடிவத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1927இல் மின்சார வழங்கல் அரசாங்கத் திணைக்களத்துக்குப் போனது. ட்ராம் கம்பனியிடமே இருந்து, 1944இல் கொழும்பு மாநகர சபையின் கைக்கு வந்தது. அதற்குள் பஸ்கள் பெருகிவிட்டன. தண்டவாளமும் வண்டிகளும் தேய்ந்து போயிருந்தன. 1953இல் தண்டவாளம் இல்லாமல் மேல் கம்பியில் மட்டும் ஓடும் ட்ரொலி பஸ்களை மாநகர சபை கொண்டுவந்தது. 1960இல் கடைசி ட்ராம் நின்றது. ட்ரொலி பஸ்ஸும் 1964க்கு மேல் தாங்கவில்லை.

ட்ராமை நிறுத்தியது தவறு என்பதே என் தீர்ப்பு. புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தது, பஸ் மலிவாகத் தெரிந்தது, அன்றைய நிலையில் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். ஆனால் இன்று காலை எட்டு மணிக்குக் கிராண்ட்பாஸ் வீதியில் நின்று பாருங்கள். லொறி, பஸ், முச்சக்கர வண்டி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே 2021இல் திறந்த புதிய களனிப் பாலத்தில் அதிவேகப் பாதைக்குப் போகும் கார்கள் பறக்கின்றன. மறுபடியும் பெரிய பாதை இந்தப் பேட்டையைத் தாண்டித்தான் போகிறது. கொழும்புக்கு இலகு ரயில் வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள், இந்த நகரத்தில் அப்படியொன்று அறுபது ஆண்டுகள் ஓடியிருக்கிறது என்பதை முதலில் படிக்க வேண்டும். வடக்குப் பேட்டைகளை விட்டுவிட்டு அவர்கள் இன்னொரு தடம் வரையக் கூடாது.

ரயிலுக்கு இந்நாட்டில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் கொழும்பின் பழைய முனைய நிலையத்தில் இருந்து, பின்னர் கடுகண்ணாவைக்கு மாறியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டத் தகுந்த இடம். கிராண்ட்பாஸ் ட்ராமுக்கும் அப்படி ஒரு மூலையாவது வேண்டும். மாநகர சபை கடைசித் தரிப்பு இருந்த இடத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கட்டும். உங்கள் வீட்டில் பழைய பெட்டியில் ஒரு ட்ராம் டிக்கெட், ஒரு கண்டக்டரின் வில்லை, தெருவையும் தண்டவாளத்தையும் காட்டும் ஒரு புகைப்படம் இருந்தால் அதைப் பழைய கடதாசிக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். தாத்தாவோ பெரியப்பாவோ அந்த வண்டியில் வேலை செய்திருந்தால் அவர் பெயரையும் வேலை செய்த ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடுகண்ணாவையில் கல்லுடைத்தவர்களின் பெயர்களை நாம் ஏற்கனவே இழந்துவிட்டோம்.